நீலக் கோடுகள் சொல்லும் ஊர்



இந்திய நில அளவைத் துறையின் பழைய படங்களில் 58 என்/13 என்று ஒரு தாள். காரைக்கால் பகுதி அதற்குள் வரும். அந்தக் காலப் படத்தில் ஓர் அங்குலம் என்றால் தரையில் ஒரு மைல். திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த போலகம் என்ற ஊரை அதில் தேடினால், ஆறு, வாய்க்கால், குளம் என்று நீல நிறம்தான் கண்ணை இழுக்கும். உயரம் காட்டும் பழுப்புக் கோடுகளுக்கு இந்தச் சமவெளியில் வேலையே இல்லை. ஓரடி மேடுகூட இங்கே பெரிய சொத்து. டெல்டா ஊர்களில் வீடுகள் மேட்டில் நெருங்கி நிற்பதும், வயல் தாழ்வில் விரிவதும் அதனால்தான்.

எல்லைக்கோடும் உண்டு. 1954 நவம்பர் 1 வரை கோட்டுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. காவிரித் தண்ணீரோ பிரிட்டிஷ் தஞ்சாவூர் மாவட்டத்தைக் கடந்துதான் இங்கே வந்தது. 1898இல் ஓடத் தொடங்கிய பேரளம்–காரைக்கால் ரயிலும் அப்படியே. கோடு கிழித்தவர்களைவிட வாய்க்கால் வெட்டியவர்களே எனக்குப் பெரியவர்கள்.

மனை வாங்குமுன், வாய்க்கால் தூர்வாருமுன், உங்கள் ஊரின் பழைய படத்தை ஒருமுறை பாருங்கள். அதில் நீலம் இருந்த இடத்தில் வீடு கட்டாதீர்கள்.