நஸ்ரீன் மொஹமதியின் கோடுகள்

ஒரு கலைஞரின் உள்ளத்தை அறிய வேண்டுமானால் அவருடைய நாட்குறிப்பைப் புரட்டுவது நம் வழக்கம். நஸ்ரீன் மொஹமதியின் நாட்குறிப்பைப் புரட்டுகிறவர் சற்றுத் திகைக்கவே நேரும். எழுதிய வரிகளின் மீதே பல இடங்களில் மையால் பட்டை பட்டையாக அடித்திருக்கிறார். மறைப்பது மட்டுமே நோக்கமென்றால் கிறுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அப்பட்டைகளுக்கோ அளவு உண்டு, இடைவெளி உண்டு. சொந்த அனுபவம் அங்கே சொல்லாக இருந்து கோடாக மாறிவிடுகிறது.

1937-ல் கராச்சியில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, லண்டனிலும் பாரிஸிலும் பயின்றவர் இவ்வம்மையார். 1972 முதல் பரோடாப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் ஆசிரியையாக இருந்தார்.

காமிராவையும் அவர் கையாண்டார். எவற்றைப் படம் பிடித்தார் என்கிறீர்கள்? அலை வடிந்த மணல், தறியில் இழுத்துக் கட்டிய பாவு, சாலையில் இட்ட வெள்ளைக்கோடு, பதேபூர் சிக்ரியின் கல்தளம். அலையின் தடம் அடுத்த அலை வரும்வரைதான். நிழலின் விளிம்பு கதிரவன் நகரும்வரைதான். இப்படங்களை அவர் தம் வாழ்நாளில் காட்சிக்கு வைக்கவேயில்லை. சித்திரத்திற்கு உதவிய வெறுங்குறிப்புகள் என்று இவற்றை ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று. கண் ஒரு கணத்தில் கண்டதைக் கை பல நாள் உழைத்துத் தேடியது என்றே கொள்கிறேன்.

வானொலியில் சித்திரத்தைக் காட்ட இயலாது; சொல்லித்தான் பார்க்க வேண்டும். வெள்ளைக் காகிதம். அதில் மையாலும் பென்சிலாலும் மயிரிழை போன்ற கோடுகள். 1970-களின் தாள்களில் அவை கட்டம் கட்டமாக நெருங்கி நிற்கும். பின்னர் கட்டம் கலைந்து, சில கோடுகள் மட்டும் சாய்வாக எழுந்து வெற்றிடத்தில் மிதக்கும். மனித உருவம் இல்லை. வண்ணமும் இல்லை என்றே சொல்லலாம். இதில் உணர்ச்சி எங்கே என்று நேயர்கள் கேட்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

பிறகு ஒரு செய்தி அறிந்தேன். அம்மையாரைக் கொடிய நரம்பு நோய் பற்றியிருந்தது. கை கால்களின் அசைவு சிறிது சிறிதாக வசமிழந்து வந்தது. கட்டட வரைபடம் போடுவோரின் கருவிகளைத் துணைக்கொண்டு, அந்தக் கையாலேயே இக்கோடுகளை இழுத்தார். கடைசிக் காலத்துத் தாள்களிலும் நடுக்கம் தென்படவில்லை. அதன்பின் அக்கோடுகளைக் குளிர்ந்தவை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1990-ல், பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் கடலோரத்தில் அவர் மறைந்தார். 2016-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் புதிதாய்த் திறந்த கிளையின் தொடக்கக் காட்சிகளுள் ஒன்று அவருடையதாயிற்று. சித்திரங்களுள் பெரும்பாலானவற்றுக்கு அவர் பெயரிடவில்லை, ஆண்டும் குறிக்கவில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்த முயல்வோர், கோட்டின் போக்கையே சான்றாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.