உளநோய் முளைக்கும் பருவம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காய்ச்சலை நெற்றியைத் தொட்டு அறிகின்றோம். மனத்திலே நோய் தோன்றினால் எதைத் தொட்டு அறிவது? நம்மூரில் அதற்கு வழங்கும் பெயர்கள் மூன்று: சோம்பல், திமிர், பேய்க்குணம். இம்மூன்றும் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கே சூட்டப்படுகின்றன.

இது தற்செயலன்று. உலகின் பல பாகங்களிலும் நடந்த 192 ஆய்வுகளை ஒருங்கு திரட்டி, ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்த அறிஞர்கள் 2022ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். உளநோய் கண்டவருள் நூற்றுக்கு 35 பேர் வரையில் 14 வயதுக்கு முன்னரும், 48 பேர் வரையில் 18 வயதுக்கு முன்னரும், 62 பேருக்கு மேல் 25 வயதுக்கு முன்னரும் அந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். தொடக்கம் மிகுந்து காணப்படும் வயது பதினான்கரை. அச்சமும் பதகளிப்பும் சார்ந்த நோய்கள் பாதிப்பேருக்கு 17 வயதளவிலே தொடங்கிவிடுகின்றன. மனச்சோர்வு முதலியன 30 வயதளவிலே. ஆதலின் மூத்தோரும் விலக்கல்லர்.

பதினான்கரை என்பது பிள்ளை சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வயது. பதினெட்டோ உயர்தரத்தின் வயது. ஆகவே, புள்ளி குறைந்ததைக் காண்கின்றோம்; நோயைக் காண்பதில்லை. போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. துயரை விழுங்கப் பழகிய வீட்டிலே பிள்ளையும் விழுங்கவே பழகுகின்றது.

எம்மோடு படித்த ஒருவன் திடீரெனப் பேச்சைக் குறைத்தான். விளையாட வருவதை நிறுத்தினான். யாம் அவனை 'முனிவர்' என்று கேலி செய்தோம். வீட்டார் நூல் கட்டினர். இரண்டு ஆண்டுகள் கழிந்தே வைத்தியரிடம் சென்றான். தேறி இன்று தொழில் செய்கின்றான். ஆயினும், அவ்விரண்டு ஆண்டுகளை யார் மீட்டுக் கொடுப்பார்? அக்கேலிக்கு யாம் இன்றும் வெட்கப்படுகின்றோம்.

பெரியோர்களே! ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில் பிள்ளையை நீராட்டுங்கள், விபூதியும் இடுங்கள். அதே கிழமையில் அரசாங்க வைத்தியசாலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். நீரிழிவுக்கு மாத்திரை விழுங்குவதை முருகன்மீது நம்பிக்கையின்மை என்று எவரும் சொல்வதில்லையே! அங்கே சிகிச்சைக்குக் கட்டணமில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

நண்பர்களே! ஒருவனது உறக்கமும் உணவும் படிப்பும் கூட்டுறவும் இரு கிழமைக்கு மேலாக மாறியிருப்பின், கேலியை விடுத்து அருகில் அமருங்கள். நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். வாழ விருப்பமில்லை என்று அவன் சொன்னால், தனியே விடாதீர்கள். அதை இரகசியமாக வைத்திருப்பது நட்பாகாது.

நமது சங்கத்தில் ஓர் இளைஞனின் இடம் தொடர்ந்து வெறுமையாயிருந்தால், பதிவேட்டில் அவன் பெயரை வெட்டுமுன் அவன் வீட்டுப் படலையைத் தட்டுவோம். நாம் செய்யத்தக்க தொண்டுகளுள் இதுவும் ஒன்று.

சித்திர வேலாயுதப் பெருமான் திருவருள் துணை நிற்பதாக.