மரபணு மருத்துவமும் மனித அறமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசலாமோ என்று சிலர் எண்ணக் கூடும். திருக்குறளிலேயே மருந்துக்கு ஓர் அதிகாரம் உண்டு. நோயை அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அம்மூலத்தையே நாடிச் செல்லும் ஒரு மருத்துவம், குடிபாலாவுக்கு அண்மையில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்துள்ளது. அக்கல்லூரியின் சித்தூர் வளாகம் நம் மண்டலத்திலேயே இருக்கின்றது. ஆதலின் இச்செய்தியை நம் வீட்டுச் செய்தியாகவே கருதுகின்றோம்.

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. அவற்றுள் மரபணுக்கள் என்னும் குறிப்புகள் பொதிந்துள்ளன. இன்ன புரதத்தை இவ்வாறு செய்க என உடலுக்கு உரைப்பவை அவையே. முன்னாளில் ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தனர். ஒருவர் ஓரெழுத்தைப் பிழையாக எழுதிவிட்டால், அவ்வேட்டைப் பார்த்து எழுதிய ஏடுகள் அனைத்திலும் அப்பிழை தொடரும். பரம்பரை நோய்களும் இத்தகையனவே.

ஹீமோபிலியா என்னும் குருதி உறையா நோயை எடுத்துக்கொள்வோம். குருதி உறைவதற்கு வேண்டிய 8-ஆம் காரணி என்னும் புரதம் குறைவதால் 'ஏ' வகை ஹீமோபிலியா தோன்றுகின்றது. காயம் பட்டால் குருதி நெடுநேரம் கசியும். முழங்காலிலும் முழங்கையிலும் உள்ளேயே குருதி கசிந்து மூட்டு சிதையும். நோய் கடுமையாக உள்ளவர்கள் அக்காரணியை வாழ்நாள் முழுதும் ஊசி வழியே பெற வேண்டியிருந்தது. இக்குறை பெரும்பாலும் தாய் வழியே மகனை அடைகின்றது. குறையைத் தாங்கிய தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வருதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. முன்னோர் எவருக்கும் இல்லாத குடும்பத்திலும் புதிதாக இது தோன்றுவதுண்டு. ஆகவே, பெற்ற தாயின் மீது பழி சுமத்துதல் பேதைமை, கொடுமையும் ஆகும்.

வேலூரில் செய்தது யாது? நோயாளியின் குருதியிலிருந்தே மூல உயிரணுக்களைப் பிரித்தெடுத்தனர். 8-ஆம் காரணிக்குரிய நல்ல மரபணுவை அவற்றினுள் கொண்டு சேர்க்க, வைரஸ் ஒன்றையே தூதாக அமைத்தனர். நோய் செய்யும் பகுதிகள் நீக்கப்பெற்ற அவ்வைரஸ், நச்சுப் பல் பிடுங்கிய பாம்பு போன்றது. பின்னர்க் கடுமையான மருந்தால் நோயாளியின் எலும்பு மச்சையில் இடம் உண்டாக்கித் திருத்திய உயிரணுக்களை மீளவும் உடலில் செலுத்தினர். இவ்வாறு மருத்துவம் பெற்றோர் ஐவர். அதன் பின்னர் அவர்களுக்குக் குருதிக் கசிவு நிகழவில்லை என்ற முடிவு, 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் இம்முயற்சியில் பங்கு கொண்டது. ஐவர் என்பது சிறு தொகையே. இன்னும் பல்லாண்டு கண்காணித்தல் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

இத்துறையின் வழி மலர் தூவிய வழியன்று. 1990-இல் அமெரிக்காவில் நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய 4 வயதுச் சிறுமிக்கு இம்மருத்துவம் அளிக்கப்பெற்றது. 1999-இல் அந்நாட்டிலேயே 18 வயது இளைஞர் ஒருவர் இத்தகைய சோதனையில் உயிர் நீத்தார். பிரான்சில் நலம் பெற்ற சிறுவர் சிலருக்குப் பின்னர் இரத்தப் புற்றுநோய் கண்டது. புகுத்திய மரபணு தகாத இடத்தில் அமைந்ததே காரணம். எனினும் ஆய்வு நிற்கவில்லை. 2023-இல் அரிவாள் அணு நோய்க்கும் தலசீமியாவுக்கும் மரபணுவைத் திருத்தும் மருத்துவம் பிரிட்டனில் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டாலர்! ஏழைக்கு எட்டாத மருந்து இருந்தும் என்ன பயன்? நம் நாட்டிலேயே இதனைச் செய்து விலையைக் குறைக்க முயல்வதன் சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது.

இனி, அறத்தைப் பற்றிச் சில சொற்கள். நோயாளியின் உடலில் மட்டும் செய்யும் திருத்தம் அவரோடு முடியும். கருவிலேயே செய்யும் திருத்தமோ, பிறவாத தலைமுறைகளையும் பற்றும். அவர்களிடம் இசைவு கேட்பார் யார்? 2018-இல் சீன அறிவியலார் ஒருவர் கருவில் மரபணுவை மாற்றி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தபோது உலகமே கண்டித்தது; அவர் சிறைத்தண்டனையும் பெற்றார். 2019-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகளும் கருவழி மாற்றத்தை விலக்கியுள்ளன. நோய் தீர்க்கத் தொடங்கிய கை, நிறத்தையும் உயரத்தையும் விலை பேசத் தொடங்கினால் மனிதன் சந்தைப் பொருளாகி விடுவான்.

நம் கடமைதான் யாது? மருத்துவச் சோதனைக்கு இசைவு கேட்கும்போது, நன்மை தீமைகளை நமக்கு விளங்கும் மொழியில், தமிழிலோ தெலுங்கிலோ, உரைக்குமாறு கேட்போம். விளங்காத தாளில் கையெழுத்திடல் வேண்டா. சோதனை நிலையிலுள்ள மருத்துவத்துக்குப் பெரும்பணம் கேட்பாரை நம்பிக் காணி நிலத்தை விற்றல் வேண்டா. திருமணத்துக்கு முன் சாதகம் பார்க்கும் நாம், தலசீமியாவுக்குக் குருதிச் சோதனையும் செய்து பார்ப்போம். இருவரும் அக்குறையைத் தாங்கியவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உறவில் மணம் செய்யும் குடும்பங்கள் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளுதல் நன்று.

நோயை மறைப்பதால் குடும்பத்தின் மானம் காக்கப்படுவதில்லை. குழந்தையின் உயிரே இடருறுகின்றது. இக்காலனியில் அத்தகைய குழந்தை எவர் வீட்டில் இருப்பினும், அது நம் சங்கத்தின் குழந்தையே என்று கூறி அமைகின்றோம்.