விற்பவரை நம்புவோம், எஞ்சினைத் திறந்து பார்ப்போம்



நடுநிலை தவறாத நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் என் அன்பு நண்பர்களே, வேலை முடித்த களைப்போடும் வந்து காது கொடுக்கும் குறிஞ்சாக்கேணிப் பெருமக்களே!

"பாவித்த படகையோ வாகனத்தையோ வாங்குமுன் வெளியாள் ஒருவரைக் கொண்டு பரிசோதிப்பது அவசியமா, வீண் செலவா?" இதுதான் இன்றைய தலைப்பு. அவசியம் என்ற அணியில் நின்று பேசுகிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் நான்கு கேள்விகளை அடுக்கிவிட்டுப் போனார். தெரிந்த ஆளிடம் வாங்கும்போது பரிசோதனை என்றால் அவர் மனம் நோகாதா? பதிவும் சான்றிதழும் இருக்கும்போது இன்னொரு பரிசோதனை ஏன்? எவ்வளவு பார்த்தாலும் எல்லாக் குறையும் தெரிந்துவிடுமா? இதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவது? நல்ல கேள்விகள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் மனம் நோகும் என்ற வாதம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து போனபோது அதற்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் இங்கே இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேலே காய்ந்த தானியம், விரலில் பட்டதோ ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் அவரிடம் கேட்கப்பட்டது. நடுவர் அவர்களே, கை உள்ளே போன பிறகுதான் ஈரம் தெரிந்தது. மேற்பரப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால் அந்தத் தானியம் நல்ல தானியமாகவே விலை போயிருக்கும். சந்தையில் கையை விட்டுப் பார்ப்பது அவமரியாதை என்று எதிரணி நண்பரால் சொல்ல முடியுமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். விற்கிறவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். தன் படகில் இருக்கும் குறை அவருக்கே தெரியாவிட்டால்? நேர்மை வேறு, அறிவு வேறு. பொய் சொல்லாதவர் என்பதால் ஒருவர் எஞ்சினுக்குள் நடப்பதை அறிந்தவர் ஆகிவிட மாட்டார்.

நம் கரையிலேயே பார்ப்போம். பாவித்த ஃபைபர் போட் ஒன்று விலைக்கு வருகிறது. புதுப் பெயின்ட் பளபளக்கிறது. எஞ்சின் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆகிறது. வாங்க வந்தவருக்கு மனம் குளிர்ந்துவிடும். ஆனால் விவரம் தெரிந்த மெக்கானிக் வந்தால் பெயின்டைப் பார்க்க மாட்டார். எஞ்சின் பூட்டும் பின்பலகைக்குப் பக்கத்தில் குனிந்து, சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போவார். நல்ல இடத்தில் 'டக்' என்று கேட்கும். உள்ளே இருக்கும் பலகை தண்ணீர் குடித்து உக்கியிருந்தால் 'பொத்' என்று கேட்கும். மேலே ஃபைபர் அப்படியே இருக்கும், உள்ளே பலகை இருக்காது. அந்தப் பலகையை நம்பித்தான் 40 குதிரை வலுக்கொண்ட எஞ்சினைத் தொங்கவிட்டுக் கடலுக்குப் போகிறோம்.

அடுத்து, எஞ்சினின் அடியில் உள்ள கியர் பெட்டி ஆணியைக் கழற்றி நாலு சொட்டு எண்ணெயை விரலில் எடுப்பார். எண்ணெய் தெளிவாக இருந்தால் சரி. பால் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது, உள்ளே தண்ணீர் இறங்குகிறது. பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் மீற்றரைப் பூட்டுவார். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒன்று தாழ்ந்து நின்றால் அந்த எஞ்சினுக்குச் செலவு காத்திருக்கிறது. கடைசியாக எஞ்சின் இலக்கத்தைப் பத்திரத்தோடு ஒப்பிடுவார். இதற்கெல்லாம் அரை நாள் போதும். அந்த அரை நாளை மிச்சம் பிடிக்கத்தானா இவ்வளவு வாதம்?

இரண்டாவது, பதிவும் சான்றிதழும் இருக்கிறதே என்ற வாதம். இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் மேலே பார்க்க வேண்டும். அக்கரையில் சீனக்குடாவில் இறங்கும் சிறிய விமானங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உலகத்தில் சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் வாங்குவது பழைய விமானம்தான். செஸ்னா 172 என்ற நாலு பேர் போகும் விமானம் 1956இல் விற்பனைக்கு வந்தது. 1986இல் அதன் உற்பத்தி நின்று, பத்து ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் தொடங்கியது. ஆகவே நாற்பது, ஐம்பது வயதான விமானங்கள் இன்றும் கைமாறுகின்றன.

அந்த விமானத்துக்கு என்னென்ன பத்திரம் இருக்கிறது தெரியுமா? பறந்த நேரத்துக்குப் பதிவேடு. மாற்றிய உதிரிப்பாகங்களுக்குப் பதிவேடு. அமெரிக்காவில் வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயப் பரிசோதனை. இவ்வளவும் இருந்தும் அங்கே விவரமான ஆள் காசை நீட்டுமுன் தன் செலவில் இன்னொரு பரிசோதனை செய்கிறார். அப்படிச் செய் என்று சட்டம் சொல்லவில்லை, அனுபவம் சொல்கிறது. அதுவும் அந்த விமானத்தை இதுவரை பராமரித்த மெக்கானிக்கை அழைப்பதில்லை. அதில் ஒரு ஆணியைக்கூட முறுக்காத வேறொருவரைத் தேடிப் பிடிக்கிறார்.

ஏன்? பதிவேடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. லைகோமிங் என்ற பிரபலமான விமான எஞ்சினில் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. விமானம் மாதக்கணக்கில் பறக்காமல் கிடந்தால் அதில் படிந்த எண்ணெய் மெல்லக் கீழே வடிந்துவிடும். வெறுமையான இரும்பில் துரு பிடிக்கும். பறந்த நேரம் குறைவு என்று பதிவேடு பெருமையாகச் சொல்லும். அந்தப் பெருமைதான் ஆபத்தின் அடையாளம் என்பது அறிந்தவருக்குத்தான் தெரியும். மாரிகாலம் முழுக்கக் கரையேற்றி வைத்திருந்த நம் எஞ்சின்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். பறந்த மணித்தியாலமெல்லாம் எழுதி வைத்திருக்கும் விமானத்துக்கே வெளியாள் தேவை என்றால், எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று யாருமே எழுதி வைக்காத நம் படகுக்குத் தேவை இல்லையா?

மூன்றாவது, எல்லாக் குறையும் தெரிந்துவிடுமா என்ற வாதம். தெரியாதுதான். ஆனால் பழகிய கண்ணுக்குத் தெரியாதது புதிய கண்ணுக்குத் தெரியும். ஒரு உதாரணம். 2005 டிசம்பர் 19. அமெரிக்காவின் மியாமியில் இருந்து சோக்ஸ் ஓஷன் எயார்வேஸ் நிறுவனத்தின் கடல் விமானம் ஒன்று கிளம்பியது. 1947இல் கட்டப்பட்ட விமானம் அது. வருடக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஏறி இறங்கியது. கிளம்பிய சற்று நேரத்தில் வலது இறக்கை கழன்று விழுந்தது. இருந்த 20 பேரும் இறந்தார்கள். இறக்கைக்குள் உலோகம் களைத்து வெடிப்பு விட்டிருந்ததை விசாரணை கண்டுபிடித்தது. வெடிப்பின் மேல் எரிபொருள் கசிவை அடைக்கும் பசை பூசப்பட்டிருந்தது. அந்த வெடிப்பைச் சரியாகக் கண்டறிந்து திருத்தத் தவறிய பராமரிப்பையும், அந்தக் குறையைப் பிடிக்கத் தவறிய அரச மேற்பார்வையையும் விசாரணை காரணமாகச் சொன்னது. கசிவை மட்டும் பார்க்கிறவர் பசையைத் தேடுவார். கசிவு ஏன் வந்தது என்று கேட்கிறவர்தான் வெடிப்பைத் தேடுவார். தன் வேலைக்குத் தானே சான்றிதழ் கொடுக்கிறவர் அந்தக் கேள்வியைக் கேட்பது கடினம், அதனால்தான் வெளியாள் வேண்டும் என்கிறோம்.

நான்காவது, காசு. நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆனது. இடையில் பழைய வாகனத்துக்குத் தங்க விலை கொடுத்தோம். இருந்ததையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம், அதையே கைமாற்றினோம். அவ்வளவு விலை கொடுக்கத் துணிந்த கைக்கு மெக்கானிக்கின் அரை நாள் கூலி பாரமா? தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்றார்கள் நம் முன்னோர். தயிருக்குப் பேர்போன கிண்ணியாவில் காசு கொடுத்து எருமை வாங்குகிறவர் பல்லையும் பார்ப்பார், மடியையும் பார்ப்பார், மாடு தெரிந்த ஆளையும் கூட்டிக்கொண்டு போவார். அந்தப் புத்தியைத்தான் எஞ்சினுக்கும் கேட்கிறோம்.

நடுவர் அவர்களே, இனி நான் சொல்லப் போவது இந்த ஊரின் ஆறாத காயம். வாதத்தில் வெல்ல அதை எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டால் இந்த மேடையில் நிற்க எனக்குத் தகுதி இல்லை.

2021 நவம்பர் 23 காலை. குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்த நேரம். மறுகரைக்குப் போக வேறு வசதி இல்லாமல் நம் மக்கள் இழுவைப் படகில் ஏறினார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் ஏறினார்கள். படகு கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்பட 6 உயிர்கள் அன்றே போயின, பிறகும் இழப்புத் தொடர்ந்தது. யார் அனுமதி கொடுத்தது, யார் பாதுகாப்பைப் பார்த்தது என்ற கேள்வி பாராளுமன்றம் வரை போனது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கேள்வி ஜனாஸாவுக்குப் பிறகு ஏன் வந்தது? முதல் ஆளை ஏற்றுமுன், அந்தப் படகால் ஒரு சதம்கூட லாபம் இல்லாத ஒருவரை நிறுத்தி, இது எத்தனை பேரைத் தாங்கும் என்று எழுதி வாங்கி, எல்லோரும் பார்க்கப் பலகையில் ஒட்டிவிட்டு ஓட்டுவதுதானே முறை?

எதிரணி நண்பர்கள் பேசும்போது விற்பவர், வாங்குபவர் என்று இரண்டு பேரை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஏறிப் போகிறவர். பாவித்த வேனை வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறோம். பாவித்த படகை வாங்கிக் கூலிக்கு வரும் தம்பிமாரை ஏற்றுகிறோம். பேரம் பேசும்போது அந்தப் பிள்ளை அங்கே இல்லை. விலை குறைந்த லாபத்தில் அந்தத் தம்பிக்குப் பங்கும் இல்லை. ஆனால் உக்கிய பலகையின் மேல் நிற்கப் போவது அவர்கள்தான். விற்பவருக்கு விற்கும் அவசரம், வாங்குபவருக்கு வாங்கும் ஆசை. ஏறிப் போகிறவர் சார்பில் பேச அந்த இடத்தில் யார் இருக்கிறார்? வெளியிலிருந்து வந்த பரிசோதகர் ஒருவர்தான். ஆகவே அந்தப் பரிசோதனை வாங்குபவரின் சொந்த விருப்பம் என்று விட்டுவிட முடியாது. ஏறிப் போகிறவருக்கு அது உரிமை.

ஆகவே நாளைக்கே நம்மால் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பரிசோதிக்கிறவர் விற்பவரின் சொந்தக்காரராகவோ, தரகராகவோ, அந்த எஞ்சினை இதுவரை திருத்தியவராகவோ இருக்கக் கூடாது. நல்லது என்றாலும் கெட்டது என்றாலும் அவருக்கு ஒரே கூலி. கண்டதை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய குறை தெரிந்தால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். நேர்மையான விற்பனையாளருக்கு இதில் நஷ்டம் கிடையாது. நல்ல பொருளுக்கு நல்ல விலை கேட்க அந்தக் கடதாசியே அவருக்குச் சாட்சி.

பரிசோதனைக் கூலியை வீண் செலவுக் கணக்கில் எழுதிய எதிரணி நண்பர்களே, அதைப் படகின் விலையிலேயே சேர்த்து எழுதுங்கள். நடுவர் அவர்களே, இங்கே அமர்ந்திருக்கும் உம்மாமார், வாப்பாமார், அவர்கள் மடியில் இருக்கும் பிள்ளைகள், நாளைக்கு ஏதோ ஒரு வேனிலும் படகிலும் ஏறப் போகிறவர்கள், இவர்கள் எல்லோருடைய பெயராலும் கேட்கிறேன்: வாங்குமுன் வெளியாள் பரிசோதனை அவசியமே என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.