பறக்கத் தெரிஞ்ச ஹீரோவுக்கு ஏன் மூச்சு வாங்குது?

பிளாட்ஃபார்ம் கேம் விளையாடுறவங்க எல்லாருக்கும் ஒரு கடுப்பு இருக்கும். ஹீரோவுக்கு இறக்கை இருக்கு, பறக்கவும் தெரியும். ஆனா சில நொடியிலேயே ஸ்டாமினா தீர்ந்து பொத்துனு விழுந்துடுவான். பறக்க விட்டா முழுசா விட வேண்டியதுதானே, நடுவுல எதுக்கு ஒரு மீட்டர்? இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

எங்க திண்டுக்கல்லையே எடுத்துக்குவோம். சுத்தியும் சமவெளி, ஊருக்குள்ள ஒத்தைப் பாறையா ஒரு மலை, அதுக்கு மேல கோட்டை. 17-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல மதுரை நாயக்கர்கள் கட்ட ஆரம்பிச்சது. பின்னாடி ஹைதர் அலிகிட்டப் போச்சு, அப்புறம் ஆங்கிலேயர்கிட்ட. இத்தனை பேர் அதுக்கு ஆசைப்பட்டதுக்குக் காரணம், மனுஷனால பறக்க முடியாதுங்கறதுதான். ஏறித்தான் வரணும், ஏறும்போது மூச்சு வாங்கும். எதிரிக்கு இறக்கை இருந்திருந்தா அந்தப் பாறைக்கு என்ன மதிப்பு?

கேம்ல ஒரு லெவலும் இப்படிக் கட்டின கோட்டைதான். பள்ளம், சுவர், நகரும் பலகை எல்லாமே குதிச்சுத் தாண்டுறவனுக்காக வெச்சது. இஷ்டத்துக்குப் பறக்க விட்டா அத்தனையும் வெறும் பின்னணிப் படமா மாறிடும்.

1988-ல ஜப்பான்ல வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ இதை அழகா சமாளிச்சது. ஒரு இலையை எடுத்தா மாரியோவுக்குக் காதும் வாலும் முளைக்கும். ஆனா உடனே பறக்க முடியாது, முதல்ல ஓடணும். ஓட ஓட, திரைக்குக் கீழ அம்புக்குறி ஒவ்வொண்ணா நிறையும். எல்லாம் நிறைஞ்சாதான் மேல எழும்பலாம், அதுவும் சில நொடிதான். அதனால நம்ம கண்ணு, ஓடுறதுக்கு நீளமான தரை எங்க இருக்குன்னு தேட ஆரம்பிக்கும். பறக்குற ஆசைதான் நம்மள தரையைக் கவனிக்க வைக்குது!

1994-ல வந்த ‘சோனிக் 3’-ல இன்னொரு வழி. டெயில்ஸ் சுமார் 8 நொடி பறப்பான். மீட்டர்னு எதுவும் திரையில இருக்காது. அவன் களைச்சுப் போறதைப் பார்த்தே நாம புரிஞ்சுக்கணும். ‘கிர்பி’ நேர் எதிர். 1992-ல மசாஹிரோ சகுராய் அதைப் புதுசா விளையாட வர்றவங்களுக்காக வடிவமைச்சார், அதனால கிர்பி எவ்வளவு நேரம் வேணும்னாலும் பறக்கலாம். ஆனா 2000-ல வந்த ‘கிர்பி 64’-ல அதுக்கும் களைப்பு வர வெச்சுட்டாங்க.

2019-ல வந்த ‘எ ஷார்ட் ஹைக்’-ல ஹீரோயினே ஒரு பறவை. கீழ்நோக்கி மிதந்து வரலாம், ஆனா மேல எழும்ப தங்க இறகு வேணும். இறகு சேரச் சேர மலை உச்சி கிட்ட வரும். தரையில கால் வெச்சா சக்தி திரும்ப நிறைஞ்சிடும்.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. ‘கேண்டி க்ரஷ்’-ல 5 உயிர், ஒண்ணு திரும்ப வர 30 நிமிஷம். அங்க எவ்வளவு நல்லா விளையாடினாலும் தீர்ந்துபோன உயிர் நிறையாது. காத்திருக்கணும், நண்பர்கள்கிட்ட கேட்கணும், இல்லன்னா காசு போடணும். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி மீட்டர்தான். ஆனா மாரியோவோட மீட்டர் நம்ம ஆட்டத்தைக் கூர்மையாக்குது, இது நம்ம பொறுமையை விலை பேசுது.

2018-ல வந்த ‘செலஸ்ட்’ மலையேறுற கேம். சுவரைப் பிடிச்சுத் தொங்கினா பிடி தளரும், தரையைத் தொட்டா சரியாகிடும். அதுலயே ‘அசிஸ்ட் மோட்’ போட்டா ஸ்டாமினா தீரவே தீராது. விரல் வேகமா ஓடாதவங்களும் உச்சியைப் பார்க்கலாம். அதுக்குத் தனியா பைசா கேட்கல. விளையாட்டுக்காக வெச்ச எல்லையைத் தளர்த்துறதுல அவங்களுக்கு எந்த நஷ்டமும் இல்ல.

அதனால அடுத்த தடவை ஹீரோ வானத்துல மூச்சு வாங்கி நிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த மீட்டர் எதால நிறையும்? என் ஆட்டத்தாலயா, என் பர்ஸாலயா? பதில் பர்ஸுன்னா, தைரியமா அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க.