குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் யார்?

(சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சிகரெட்டுடன் ஒரு மாணவன் சந்தியிலே பிடிபட்டால் நாம் என்ன செய்கின்றோம்? தந்தை அடிக்கின்றார், பாடசாலை தண்டிக்கின்றது, ஊர் தூற்றுகின்றது. அதை விற்றவரையோ "முதலாளி" என்றழைத்துத் திருவிழாவில் முன்வரிசையில் நிறுத்துகின்றோம். சட்டம் கூறுவது இதற்கு நேர்மாறானது.

புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபையை அமைத்த 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாத எவருக்கும் அப்பொருள்களை விற்பது குற்றமென விதிக்கின்றது. அங்கே குற்றவாளி விற்றவரே; வாங்கிய சிறுவன் அல்லன். அவன் காக்கப்பட வேண்டியவன்.

இதற்குத் தக்க காரணமுண்டு. மனித மூளை இருபது வயதைக் கடந்தும் வளர்கின்றது. விளைவை எடைபோட்டு ஆசையை அடக்கும் பகுதியே இறுதியில் முதிர்கின்றது. அதற்கு முன்பே நிக்கொட்டின் பற்றிக்கொண்டால் விடுபடுதல் அரிது. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அந்நாட்டில் நாள்தோறும் புகைக்கும் வளர்ந்தோரில் 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் 18 வயதுக்குள்ளேயே முதற் சிகரெட்டைத் தொட்டவர்கள். வாழ்நாள் வாடிக்கையாளன் பாடசாலைச் சீருடையிலேயே பிடிக்கப்படுகின்றான்!

"மாவா வெறும் பாக்குத்தானே" என்பாரும் உளர். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை அது. புகை எழாமையால் பெற்றோர் அறியார். பாக்கு, புகையிலை ஆகிய இரண்டுமே தனித்தனியே புற்றுநோயை உண்டாக்குவன என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. இலங்கை ஆண்களை வருத்தும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கின்றது.

நம்மையும் நாம் விசாரிப்போம். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் புகையிலை நட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த சமூகம் நாம். அந்த உழைப்பை இகழோம். ஆயினும் பாட்டனாருக்குச் சுருட்டு வாங்கிவரப் பேரனைக் கடைக்கு அனுப்பும்போது, கடைக்காரரைச் சட்டத்தை மீறும்படி ஏவுபவர் நாமே அல்லவா? கடைக்கு வழி காட்டியவரும் நாமே அல்லவா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கின்றோம். புகையிலைப் பொருள் வாங்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். வயதில் ஐயமிருப்பின் அடையாள அட்டையைக் கேளுங்கள் என்று கடைக்காரரிடம் ஊர்கூடிச் சொல்லுங்கள். கேளாதவரைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ பொலீசாரிடமோ முறையிடுங்கள். மாலை வேளையில் வாசிகசாலையையும் விளையாட்டுத் திடலையும் திறந்து வையுங்கள். போக்கிடமற்ற பிள்ளைக்குச் சந்தியே புகலிடமாகின்றது.

தவறிய பிள்ளையை அடித்துத் துரத்தாதீர்கள், அருகிருத்திப் பேசுங்கள். சட்டம் நாடாளுமன்றத்திலே இயற்றப்பட்டது. அது உயிர்பெற வேண்டிய இடம் நம் ஊர்ச் சந்தி. அந்தப் பொறுப்பு நம்முடையது.