மருந்துக் கடைச் சுவரில் தொங்கும் சர்டிபிகேட் யாருடையது?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



போனஸ், கூலி, பஞ்சப்படி என்று பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று மருந்துக் கடையைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதென்ன புது விஷயம்?" என்று சிலர் நினைக்கலாம். இரவு ஷிப்டு முடிந்து வருகிற மில் தொழிலாளிக்கு முதுகுவலி. நாள் முழுதும் குனிந்து நாற்று நட்ட தாய்க்கு இடுப்புவலி. இருவரும் போய் நிற்கிற இடம் டாக்டர் வீடு அல்ல, மருந்துக் கடைதான். "உடம்புவலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று கேட்கிறோம். வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று நாலு மாத்திரையை உதிரியாகக் காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். வலி அடங்குகிறது, மறுநாள் வேலைக்குப் போகிறோம். அந்த நாலில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம். இன்னொன்று நாளாவட்டத்தில் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கிற வலி மாத்திரையாக இருக்கலாம். அட்டையில்லாத மாத்திரைக்குப் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை.

கொடுத்தவர் யார்? சுவரைப் பாருங்கள். கண்ணாடி போட்டு ஒரு சர்டிபிகேட் தொங்கும். அதில் ஒரு பெயர் இருக்கும். மேஜைக்குப் பின்னால் நிற்கிற பையன் பெரும்பாலும் அந்தப் பெயருக்கு உரியவன் அல்ல. இதுதான் இன்றைய பேச்சு.

வெள்ளைக்காரன் ஆட்சியில் கையில் முதல் இருந்தால் யாரும் மருந்து விற்கலாம். காய்ச்சலுக்குக் கொய்னா வாங்கினால் அதில் கொய்னா எவ்வளவு, மாவு எவ்வளவு என்று கேட்க நாதியில்லை. கூச்சல் அதிகமான பிறகு 1930ல் கர்னல் சோப்ரா தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். மருந்துக்கும் சட்டம் வேண்டும், மருந்து கொடுப்பவனுக்கும் படிப்பும் பதிவும் வேண்டும் என்று அந்தக் கமிட்டி 1931ல் அறிக்கை கொடுத்தது. மருந்துச் சட்டம் வந்தது 1940ல். கொடுப்பவருக்கான பார்மசி சட்டம் வந்தது 1948 மார்ச்சில், சுதந்திரத்துக்குப் பிறகு. பதினேழு வருஷம்! நம் கூலி விவகாரத்தில் மட்டும்தான் சர்க்கார் மெதுவாக நடக்கிறது என்று எண்ண வேண்டாம்.

அந்தச் சட்டத்தில் ஒரு நியாயம் இருந்தது. முதல் பதிவேட்டில் பட்டம், டிப்ளமா பெற்றவர்களை மட்டும் சேர்க்கவில்லை. கம்பவுண்டர் பரீட்சை தேறியவர்களையும் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியிலோ டிஸ்பென்சரியிலோ ஐந்து வருஷம் மருந்து கலந்து பழகியவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அனுபவத்தையும் ஒரு படிப்பாக ஏற்றார்கள். 1976ல் வந்த திருத்தம், பர்மாவிலும் இலங்கையிலும் மருந்துத் தொழில் செய்து, கலவரத்தால் எல்லாம் இழந்து திரும்பியவர்களுக்கும் வழி வைத்தது. அப்படித் திரும்பியவர்களில் நம் தமிழர்கள் எத்தனையோ பேர்.

அந்தக் கதவு பிறகு சாத்தப்பட்டது. டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்டின் வேலை, வேறு யாரும் செய்யக் கூடாது என்கிறது 42ஆவது பிரிவு. எந்த மாநிலம் தேதி குறித்தாலும் குறிக்காவிட்டாலும், 1984 செப்டம்பர் 1 முதல் அது அமலாகிவிட்டது. மருந்து விதிகளில் 65ஆவது விதியும் அதையே சொல்கிறது: பார்மசிஸ்டு தாமே கொடுக்க வேண்டும், அல்லது அவருடைய நேர் பார்வையில் கொடுக்க வேண்டும்.

"நேர் பார்வை" என்றால் சுவரிலிருந்து போட்டோ பார்ப்பது அல்ல! படித்த ஒருவர் மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு சர்டிபிகேட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். முதலாளிக்கு முழுச் சம்பளம் மிச்சம். மேஜையில் நிற்பது பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த பையன். காலை ஒன்பது மணியிலிருந்து இரவு பத்து மணி வரை நின்ற கால் நிற்கிறான். (கடைச் சிப்பந்திக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் நம் மாநிலத்தில் சட்டமே வந்தது. எத்தனை கடையில் நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.)

இன்ஸ்பெக்டர் வந்து கேஸ் போட்டால் என்ன ஆகும்? கடை லைசென்ஸ் முதலாளியுடையது, அவருக்கும் தொந்தரவு உண்டு. ஆனால் 42ஆவது பிரிவின் வாசகம் மருந்தைக் கொடுத்த கையைத்தான் முதலில் பிடிக்கிறது. அந்தக் கை நம் வீட்டுப் பையனுடைய கை. 2022 நவம்பரில் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், பதிவில்லாதவர்களும் போலிகளும் மருந்து கொடுப்பதை அனுமதிக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னது. சரியான பேச்சு. வாடகை சர்டிபிகேட்டால் லாபம் அடைகிறவனையும் அதே கண்டிப்போடு பிடிக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

"பதினைந்து வருஷம் மேஜையில் நின்றவனுக்குத் தெரியாத மருந்தா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பெயர் தெரியும், விலை தெரியும், எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஓர் உதாரணம். கடுமையான மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை எழுதுவார்கள். அதை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினம் ஒன்று என்று கவரில் எழுதிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அப்படி இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. சீட்டில் டாக்டரே தப்பாக எழுதியிருந்தாலும் "இது சரியில்லையே" என்று நிறுத்திக் கேட்கிற ஆள் வேண்டும். படிப்பு வேண்டியிருப்பது அதற்காகத்தான். ஆகவே 1948ன் கதவை அப்படியே திறந்துவிடு என்று நாம் கேட்கவில்லை.

அமெரிக்காவில் பார்மசிஸ்டுக்குக் கீழே டெக்னீஷியன் என்று ஒரு வகுப்பு உண்டு. பல மாநிலங்களில் அவர் மாநில பார்மசி போர்டில் பதிந்துகொள்ள வேண்டும், சில இடங்களில் பரீட்சையும் எழுத வேண்டும். அங்கேயும் சொர்க்கம் இல்லை. ஆள் குறைவு, வேலைப்பளு தாங்கவில்லை என்று 2023ல் பெரிய சங்கிலிக் கடைகளில் பார்மசிஸ்டுகளும் டெக்னீஷியன்களும் வெளிநடப்புச் செய்தார்கள். ஆனால் துணையாளுக்கு ஒரு பெயராவது இருக்கிறது. நம் பார்மசி சட்டத்தில் மேஜைப் பையனுக்குப் பெயரே கிடையாது. அவனுக்கு முறையான பயிற்சி வேண்டும், சட்டத்தில் ஓர் இடம் வேண்டும். மேலே படிக்க நினைத்தால் அரசுக் கல்லூரியில் இடமும் உதவிப் பணமும் வேண்டும். நாம் கேட்பது இதுதான்.

இனி, பிள்ளைகளைப் படிக்க வைக்க நினைக்கிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். பார்மசிஸ்டாகக் குறைந்தபட்சப் படிப்பு டி.பார்ம், இரண்டு வருஷம். பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். கூடவே உயிரியலோ கணக்கோ இருக்க வேண்டும். படிப்புக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலோ மருந்துக் கடையிலோ மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி. இதற்கு மேல் ஒரு வெளியேறும் தேர்வும் வேண்டும் என்று 2022ல் விதி வகுத்தார்கள். அது எந்த ஆண்டு மாணவருக்குப் பொருந்தும் என்பதைச் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும், அதைப் புதுப்பித்தும் வர வேண்டும்.

இங்கேதான் மோசடி நுழைகிறது. "ஆறே மாதம், பார்மசி சர்டிபிகேட், உடனே வேலை" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டுகிறார்கள். ஆட்டை விற்று, தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டுகிறோம். அந்தக் காகிதத்தைக் கொண்டுபோனால் கவுன்சில் பதியாது. இரண்டு வருஷப் படிப்பானாலும் டெல்லியில் உள்ள இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு இல்லாவிட்டால் அதுவும் வீண். பணம் கட்டும் முன் அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பதிவு கிடைத்தவர் கடைக்காரனிடம் சர்டிபிகேட்டை அடகு வைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்பதில்லை. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தபோது, டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்கள் மானியத்துடன் கடை வைக்க வழி செய்யப்பட்டது.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது. ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமத்தில் பாரசிட்டமால், தலைவலித் தைலம், கிரைப் வாட்டர் போன்ற சில வீட்டு மருந்துகளை லைசென்ஸ் இல்லாமலே விற்க விதி இடம் தருகிறது. ஆகவே நம் ஊர்ப் பெட்டிக்கடைக்காரரிடம் போய் யாரும் சண்டை போட வேண்டாம்! ஆன்டிபயாட்டிக், தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு இதில் சேராது.

கடைக்குப் போனால் மேஜையில் நிற்கிற பையனை மிரட்டாதீர்கள், அவனும் தொழிலாளிதான். "பார்மசிஸ்டு எங்கே தம்பி?" என்று தன்மையாகக் கேளுங்கள். மாத்திரையைப் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி அட்டையோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால்தான் நாளைக்கு மருந்து ஆய்வாளரிடம் போய் நிற்க முடியும்.